ஸ்கேனருக்குள் அடங்கிய தேக்கு

— இன்றைய தேதியிலிருந்து இந்தப் பூமண்டலத்தில் எந்த மரமும் தன் வயசை மறைக்க முடியாது. எழுதி வெச்சுக்கோ, குமரகுரு.

— எழுதிக்கிறேன். மொதல்ல என் பேனாவைத் திருப்பிக் குடு. போன வாரம் எடுத்துக்கினு போன.

— விளையாடாதே. ரொம்ப சீரியஸா சொல்லிண்டிருக்கேன். மனுஷா வயசை மறைப்பா. ரேஷன் கார்டு மறைக்கும். மரம் மறைக்காது. மறைச்சாலும் இந்த ஸ்ரீசரண் எழுதின ‘விருட்சா’ ப்ரோக்ராம் விடாது.

— மறைக்காதுன்ற. அப்புறம் மறைச்சாலும்ன்ற. இன்னாபா இது, ஒரே வாயில?

— அழுத்தம் குடுக்கறதுக்காகச் சொன்னது. சரி, அந்தத் துணியைப் பிரி. பிரவுசிங் சென்டர்க்காரர் ஸ்கேனரை அரை மணிதான் தருவேன்னுட்டார்.

— பாத்து, கனமா இருக்குது. பிள்ளையார்பாளையத்துலேர்ந்து ஷேர் ஆட்டோவுல மடியில வெச்சிக்கினே வந்தேன். துணியில சுத்தி இருக்குதே, குழந்தையான்னு கேட்டான் டிரைவர். ஆமாபா, எங்க நைனா வயசுக் குழந்தைன்னேன்.

— அடடா! இதுவா ஐப்பசி மழையில உங்காத்துத் தோட்டத்துல விழுந்த தேக்கு? பெருமாள் கோயில் கதவு மாதிரி இருக்கேடா! சதுரமா, கச்சிதமா, ஒரு பிசிறு இல்லாம!

— நீ சொன்னபடிதான். ஸ்கேனர் கண்ணாடிக்குள்ள அடங்கணும், மூடி மூடணும், ஒரு அடிக்கு மேல ஒரு நூல் போவக்கூடாதுன்னு போன்ல கத்துனியே. கண்ணாயிரம் ஆசாரியாண்ட குடுத்தேன். நாலு பக்கமும் அறுத்து, இழைச்சு, உப்புத்தாள் போட்டுக் குடுத்தாரு. உங்க நைனா விஷயமா ஆபீஸுக்குப் போற கட்டை, அலங்கோலமா போவக்கூடாதுன்னாரு. பட்டை இல்ல, வெள்ளை இல்ல, சுத்தம்.

— வெள்ளைன்னா?

— ஓரத்துல வெளுப்பா இருக்குமே, அது. பூச்சி அரிக்கும்பா. கதவுக்கும் ஆவாது, ஜன்னலுக்கும் ஆவாது. வெள்ளையோட ஒரு கட்டை தன் பட்டறையை வுட்டு வெளிய போச்சுன்னா ஆசாரிக்கு மானக்கேடு.

— உத்தமமான மனுஷர். எனக்கும் சுத்தமான படம்தான் வேணும். கடைசி வருஷ ப்ராஜெக்டுக்குக் கல்லூரி பூரா நான் ஒருத்தன்தான் படத்தைப் பார்த்து வயசு சொல்ற ப்ரோக்ராம் எழுதியிருக்கேன். மத்தவாள்லாம் லைப்ரரிப் புஸ்தகக் கணக்கு எழுதிண்டிருக்கா.

— அது இன்னா பண்ணும், சொல்லு. நைனா கேட்டாரு. எனக்கு சொல்லத் தெரியல.

— கலரை எடுத்துட்டு கறுப்பு வெள்ளையாக்கும். நடுவுலேர்ந்து ஓரம் வரைக்கும் ஒரு கோடு போடும். அந்தக் கோட்டுல கறுப்பு வர்ற ஒவ்வொரு இடமும் ஒரு வளையம், ஒரு வளையம் ஒரு வருஷம். ரம்பக் கீறல், அழுக்கு, எண்ணெய்க் கறை எல்லாத்தையும் அதுவே கழிச்சுடும். எந்த வளையம் தடிமன், எது ஒல்லின்னு அளந்து, எந்த வருஷம் மழை, எந்த வருஷம் வறட்சின்னுகூடச் சொல்லும்.

— நைனா வயசைச் சொன்னாப் போதும்பா.

— சொல்லும். அதுக்கு அப்புறம் திருப்புட்குழி கோயில் கதவு. அதுக்கு அப்புறம் தேர்ச் சக்கரம். நான் ஒரு வரிசை வெச்சிருக்கேன்.

— நீ சக்கரத்துக்குப் போ, தேருக்குப் போ. எனக்கு நாளைக்கு காலைலதான் பயம். நெசவாளர் பென்ஷனுக்கு அறுவது முடிஞ்சிருக்கணும். நைனா பள்ளிக்கூடமே போனது இல்ல. ரேஷன் கார்டுல எவனோ குத்துமதிப்பா ஒரு வயசு எழுதி வெச்சுட்டான். அவருக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, அவர் பொறந்த சமயத்துல எங்க தாத்தா நட்டது இந்தத் தேக்கு. மரத்துக்கு அறுவதுன்னா தனக்கும் அறுவது. ஆபீஸரு சிரிச்சிக்கினே சொன்னாரு, மரத்தை வந்து சொல்லச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்னு.

— வந்து சொல்லப் போறது. இதுல பயம் எங்கே வந்தது?

— எங்க சித்தப்பா இருக்காரே, மாணிக்கவாசகம். நைனாவை விட ஏழு வயசு சின்னவரு. அந்த மரம் தனக்கு நட்டதுன்னு கால்சட்டை போட்ட காலத்துலேர்ந்து சண்டை. நாளைக்கு அவரும் வர்றேன்ட்டாரு.

— வரட்டும். சாட்சி ஜாஸ்தியா இருந்தா நல்லதுதான்.

— அதான் ஸ்ரீ, ஒரு யோசனை. வூட்டுலேர்ந்து இதை எடுத்துக்கினு வந்தேன். நூல் எண்ணுற கண்ணாடி. சேலையில ஒரு அங்குலத்துக்கு எத்தினி இழைன்னு பாக்குறது. இதைக் கட்டை மேல வெச்சு, ஒரு குண்டூசியால ஒவ்வொரு வளையமா குத்திக்கினே போனா...

— குண்டூசி?

— ஒரு தடவை எண்ணிட்டா மனசு நிம்மதியா...

— ரெண்டாயிரத்து ஆறுல? குண்டூசி? டேய், அது பேன் பாக்கற வேலைடா! எங்காத்துல அம்ருதவல்லி அத்தை சாயங்காலம் பண்ணிண்டிருப்பா. ஒரு இன்ஜினீயர் குனிஞ்சு உக்காந்து, உதட்டை அசைச்சு, ஒண்ணு ரெண்டுன்னு... என்னால சிரிப்பை அடக்க முடியலை.

— சிரிச்சுக்கோ. இன்னைக்கே ஒரு தடவை உன் ப்ரோக்ராமையாவது ஓட்டிப் பாத்துடலாம் இல்ல?

— மாட்டேன். முதல் ஓட்டம் ஆபீஸ்ல. ஜனங்க பார்க்கணும். ப்ரணவ் அண்ணா லேப்டாப்பை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கியாச்சு. கட்டையை வை. மூடி மூடறதா?

— மூடுது.

— பாத்தியா? மரமே அடங்கிடுத்து.

*

— அங்கியே நில்லு. உள்ள வராத.

— குமரகுரு, ஒரு நிமிஷம்...

— மெதுவா பேசு. நைனா உள்ள தறியில இருக்காரு. இன்னா, இன்னும் யாருக்காவது வயசு குறைக்கணுமா? எங்க அம்மா இருக்குது. ஒரு பத்து குறைச்சுடேன், சந்தோஷப்படும்.

— திட்டு. திட்டறதுக்குத்தான் வந்தேன்.

— ஆபீஸுக்குப் போயி மாசம் ஒண்ணாவப் போவுது. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?

— வெக்கமா இருந்தது.

— உனக்கா?

— அன்னிக்கு நான் பேசினது...

— எது? ப்ரோக்ராம் அம்பத்தி மூணுன்னா அம்பத்தி மூணுதான் சார்னியே, அதுவா? இல்ல, அந்த ஆபீஸரே இறங்கி வந்து, பெரியவர் இவ்வளவு உறுதியா சொல்றாரே, மெஷின் தப்பா இருக்கலாமேப்பான்னாரே. அப்ப சொன்னியே, பிழை மனுஷ ஞாபகத்துலதான் வரும் சார்னு. அதுவா?

— ரெண்டும்.

— கை தட்டுனாங்களே, வரிசையில நின்னவங்க. அதை வுட்டுட்ட.

— விடலை. தூக்கத்துல கேக்கறது.

— மரத்துக்கு அம்பத்தி மூணு. நைனாவோட ஏழு வருஷம் காணோம். சித்தப்பாவுக்கு சரியா அம்பத்தி மூணு. அங்கியே நைனாவைக் கட்டிக்கினு சொன்னாரு, பாத்தியா அண்ணே, அப்பா எனக்குத்தான் நட்டாருன்னு. கேலியில்லபா. நெஜமா கண்ணு கலங்கிட்டாரு.

— பார்த்தேன்.

— அதுக்கு மேல நடந்தது நீ பாக்கல. தெருமுனை டீக்கடையில சின்னப்பையன்னு ஒருத்தரு இருப்பாரு, பேருதான் சின்னப்பையன், அம்பத்தெட்டு வயசு. நைனாவை அண்ணேன்னுதான் கூப்புடுவாரு. மறுநாள் கூப்புடுறாரு, தம்பி, டீ சாப்புடுறியான்னு. கடையே சிரிச்சுது. அத்தோட நைனா டீக்கடைக்குப் போவல. காலைல தெருவுல தறிக்குப் பாவு நூலை விரிச்சா மொத ஆளா நிப்பாரு, அதுக்கும் வர்றது இல்ல. தறியில எறங்குனா எழுந்துக்கறதே இல்ல. தறியில நாடா ஓடுற சத்தம் கேட்டாத்தான் ஆளு உள்ள இருக்காருன்னு தெரியுது.

— என்னாலதான்.

— உன்னால மட்டும்னு சொல்லிட்டா எனக்கு சுளுவா இருக்கும்.

— ஏன், நீ என்ன பண்ணினே?

— ஆபீஸுலேர்ந்து திரும்பி வரச்ச பஸ்ல நைனா பக்கத்துல எடம் காலியா இருந்துச்சு. கையால தட்டிக் காட்டுனாரு, இங்க உக்காருன்னு. நான் பாக்காத மாதிரி பின்னாடி போயி உக்காந்துக்கினேன். இத்தினி வருஷம் நம்மகிட்ட பொய் சொல்லிட்டாரேன்னு. அவரை வுட்டுட்டு உன் பொட்டியை நம்புனேன்பா. இன்னும் அவர் மூஞ்சியை நேரா பாக்கல.

— குமரா, பொட்டியும் பொய் சொல்லலை.

— இன்னா?

— பொய் சொல்ல வெச்சது நான். நேத்து வைவா. வெளியூர்லேர்ந்து ஒரு எக்ஸாமினர் வந்திருந்தார். நாப்பது பக்கம் ரிப்போர்ட்டை ஒரு புரட்டு புரட்டினார். படத்தைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தம்பி, பட்டை எங்கேன்னார்.

— பட்டையா?

— ஸ்கேனர்ல அடங்கலை சார், அதனால எடுத்துட்டோம்னேன். ரொம்பப் பெருமையாத்தான் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வெச்சார். அப்ப உன் மரம் எந்த வருஷம் செத்துதுன்னு உனக்கு எப்படித் தெரியும்னார்.

— எனக்குப் புரியுற மாதிரி சொல்லு.

— மரம் நடுவுலேர்ந்து வெளியே வெளியே வளர்றது. நடு வளையம் அது சின்னக் கன்னா இருந்த வருஷம். புது வளையம் எப்பவும் பட்டைக்கு ஒட்டினாப்பலதான் போடும். ஓரத்துல வெளுப்பா இருக்கும்னியே, அந்த வெள்ளை. கடைசி வருஷங்கள் பூரா அதுலதான் இருக்கு.

— அதைத்தானே கண்ணாயிரம் ஆசாரி...

— நான் சொல்லித்தான் அறுத்தார். ஒரு அடிக்கு மேல ஒரு நூல் போகக்கூடாதுன்னு கத்தினது நான்.

— அப்ப அந்த அம்பத்தி மூணு...

— மரத்தோட வயசு இல்லை. ஸ்கேனர் கண்ணாடிக்குள்ள எத்தனை வருஷம் அடங்குமோ, அந்தக் கணக்கு. மிச்சத்தை அறுத்துப் போட்டுட்டு, உங்கப்பா முகத்தைப் பார்த்து ஞாபகப் பிழைன்னேன்.

— அடப்பாவி.

— மார்க் போட்டுட்டார், தெரியுமோ? சிரிச்சுண்டே போட்டார். ஃபெயில் பண்ணியிருந்தா தேவலை. சரி, அறுத்த துண்டுகள் எங்கே? ஆசாரிகிட்ட இருக்குமா?

— வூட்டுக்கே திருப்பி அனுப்பிட்டாரு. நாலு துண்டு.

— கொண்டா! உடனே கொண்டா!

— அம்மா வெந்நீர் அடுப்புல வெச்சிடுச்சுபா.

— நாலுமா?

— மூணு. நாலாவது ஒண்ணு... தறி ஆடுதுன்னு நைனா தறிக்கால் அடியில முட்டுக் குடுத்தாரு.

— பட்டையோடவா?

— பட்டையோடதான். ஆனா அதை உருவணும்னா அவர் தறியை நிறுத்தணும். யாரு போயி அவராண்ட கேக்குறது?

— நான்தான் கேக்கணும்.

— கேக்கவே வேணாம். நாடா சத்தம் நின்னுடுச்சு, பாரு.

— குமரகுரு, யாரு வாசல்ல?

— நான்தான் அங்கிள். ஸ்ரீசரண்.

— வா சாமி. ஏன் வெளியவே நிக்கிற? டேய், கூட படிக்கிற புள்ளயை வாசல்ல நிக்க வெச்சியா பேசுவ? சேரை எடுத்துப் போடு. அம்மாவாண்ட டீ போடச் சொல்லு.

— அங்கிள், என்னை மன்னிக்கணும். அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி...

— இன்னாத்துக்குபா மன்னிப்பு? கம்ப்யூட்டருக்கு என் மேல பகையா? கண்டதைச் சொல்லிச்சு. உன் மேல எனக்குக் கோவமே இல்ல.

— பின்னே ஏன் நைனா தெருவுக்கே வர்றது இல்ல? சின்னப்பையன் கேலி பண்றாருன்னா?

— அவன் கெடக்குறான். என் மூஞ்சி எனக்கே புடிக்கலடா. உன் தாத்தா அந்த மரத்தைக் காட்டி எத்தினி தடவை சொல்லியிருக்காரு. நீ உங்கம்மா வயித்துல இருக்கும்போதே இதை நட்டுட்டேன்டா, உனக்காவத்தான்னு. வயித்துல இருந்தப்போன்றதை நான் நம்புனது இல்ல. புள்ளை மேல இருக்குற ஆசையில பெருசா சொல்றாருன்னு வுட்டுடுவேன். ஆனா எனக்குத்தான்றதுல ஒரு நாளும் சந்தேகம் வந்தது இல்ல. அன்னைக்கு அந்தப் பொட்டியில நம்பர் வந்த நிமிஷம் வந்துச்சு. செத்துப்போன மனுஷன். வந்து பதில் சொல்ல முடியாது. அவரை மனசுக்குள்ள பொய்யன்னு கூப்புட்டுட்டேன். அதான்பா. அதுக்குத்தான் வெக்கம்.

— அவர் பொய் சொல்லலை அங்கிள். நீங்களும் சொல்லலை. கட்டையை நான் அளவா அறுக்கச் சொன்னதுல கடைசி வருஷங்கள் வெட்டுப்பட்டுப் போயிடுத்து. உங்க தறிக்கால் அடியில இருக்கற துண்டுல அது இருக்கு. இருக்கணும்.

— இருக்கணுமா, இருக்குதா?

— தெரியலை அங்கிள். இந்தத் தடவை பார்க்காம சொல்ல மாட்டேன்.

— எத்தினி வருஷம் இருந்தா சரியா வரும்?

— ஏழு. அம்பத்தி மூணும் ஏழும் அறுவது. ஏழு வந்தா உங்களுக்கு நட்டது. அதுக்குக் குறைஞ்சா...

— சொல்லாத.

— நைனா, பாத்துடலாமே...

— பாக்க வேணாம்னு சொல்லலடா. ஒரு தடவை அவரைச் சந்தேகப்பட்டுட்டேன். ரெண்டாவது தடவையும் அப்புடியே வந்துச்சுன்னா தாங்காது. சாமி, ஏழு வந்தா சொல்லு. வரலைன்னா ஒரு வார்த்தை பேசாத. துண்டை எடுத்த எடத்துலயே சொருகிட்டு, டீயைக் குடிச்சிட்டுப் போயிடு. நானும் கேக்க மாட்டேன்.

— சரி அங்கிள்.

— குமரகுரு, இந்தப் பக்கம் வா. தறியை நான் தூக்கிப் புடிக்கிறேன். நீ உருவு. பாவுல கை படக்கூடாது, பாதிச் சேலை நிக்குது. மெல்ல... மெல்ல. ம். வந்துடுச்சு.

— இந்தா ஸ்ரீ. பட்டை கூட அப்புடியே இருக்குது. லேப்டாப்பை எடு.

— கொண்டு வரலை.

— ஏன்? அண்ணன் குடுக்கலியா?

— கேக்கலை. நேத்து வைவா முடிஞ்சதும் ஆத்துக்குப் போயி வேற ஒரு தேக்குத் துண்டை வெச்சுப் பார்த்தேன். வெள்ளையில கறுப்பே போதலை. விருட்சாவுக்கு அது வெறும் வெத்துக் காகிதம். சைபர்னு சொல்றது.

— அப்ப எப்புடித்தான் எண்ணுவ?

— அந்தக் கண்ணாடி இருக்காடா?

— எந்தக் கண்ணாடி?

— நூல் எண்ணறது.

— அலமாரியில இருக்குது. குண்டூசியும் வேணுமா?

— வேணும்.

— பேன் பாக்குற வேலையாச்சேபா.

— குடுடா.

— இந்தா. காலண்டர்லேர்ந்து புடுங்கிக் குடுக்குறேன். வேற இன்னா?

— ஒரு ஈரத்துணி. ஈரம் பட்டா கோடு கொஞ்சம் தெரியும். பெரிய கட்டை என் பையில இருக்கு, அதை எடுத்து இந்தத் துண்டோட ஒட்ட வெச்சுப் பிடி. அறுத்த இடம் பொருந்தறதா? ம். அப்படியே பிடி. அம்பத்தி மூணாவது கோடு இங்கே முடியறது. இதுக்கு அடுத்ததுலேர்ந்து ஆரம்பிக்கறேன்.

— தரையிலியா உக்காருற? பேன்ட்டு அழுக்காவும்பா.

— பரவாயில்லை. பேசாம இரு.

— டீ ஆறுது சாமி. குடிச்சிட்டு எண்ணேன்.

— அவனுக்கு காது கேக்கல நைனா. மூச்சையே வுடாம குத்திக்கினு இருக்கான்.

— உதடு அசையுதா?

— அசையுது.

— எம்மா நேரமாடா அசையும் ஒரு ஏழுக்கு?

— தெரியல நைனா. கேக்கட்டா?

— கேக்காத. வரலை போல. நான்தான் சொல்லாதன்னேன், பாவம், புள்ளை சொல்லாம இருக்குது. சரி வுடு சாமி. நீ இன்னா பண்ணுவ? எழுந்துரு. அதைக் குடு, தறிக்கு அடியில வெச்சுடலாம்.

— கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்கோ அங்கிள். ஏழு அப்பவே தாண்டிடுத்து. இன்னும் எண்ணிண்டிருக்கேன்.